பயன்பெறும் மாணவி

அடையாறு,
23 ஜூன் 2024

அன்புள்ள ப்ரியாவுக்கு,

மணிமொழி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். ஆற்றங்கரைக் கொசுக்களும் சுகம். அங்கே நீ, தம்பி, தணிகாசலம் மாமா எல்லோரும் எப்படி? உன் அம்மா சொர்ணம் அத்தையை மட்டும் விசாரிக்கத் தேவையில்லை. அத்தை இன்னும் இங்கேதான் வீட்டு வேலைக்கு வருகிறார், தினமும் காலையில் தெருமுனையில் பார்த்துவிடுகிறேன். இந்தக் கடிதமும் அத்தையின் டிபன் பையில்தான் வருகிறது. குழம்புக் கறை பட்டிருந்தால் மன்னித்துவிடு.

உங்கள் வரிசை வீடுகளை இடித்த இடத்தைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். எங்கள் வரிசை அளவுக்கல்லுக்கு இந்தப் பக்கம் என்பதால் தப்பித்தது. அந்த ஒரு கல்லினால் நான் பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன், நீ எங்கோ எட்டாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறாய். அங்கே இருக்கும் பள்ளியில் கணினிப் பிரிவு நிறைந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாமே. "இன்னா பண்றது மணி, வூட்லயே குந்திகினு கீறா. சின்னவன பாத்துக்கவும் ஆள் வேணுமே" என்றார் அத்தை. வகுப்பில் என் பக்கத்து இடத்தில் என் பையை வைத்திருக்கிறேன். யாரையும் உட்கார விடவில்லை.

நூலகத்தில் ஒரு கணினிப் புத்தகம் படித்தேன். கல்லூரிகள் இணையத்தில் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாமாம். பாடம், தேர்வு, மதிப்பெண் எல்லாம் அதிலேயே நடக்கும். அதை நிறுவ இணையத்தில் இடம் வேண்டும். அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது. ப்ரியா, நான் உனக்காக ஒரு பள்ளிக்கூடம் நிறுவப்போகிறேன். சிரிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை அத்தையிடம் கொடுத்தனுப்பு.

உன் மாமன் மகள்,
மணிமொழி


7 ஜூலை 2024

மணிக்கு,

ப்ரியா. எல்லோரும் நலம். லிஃப்ட் ஓடும் நாட்களில் ரொம்பவே நலம். தம்பிக்கு மட்டும் சளி. மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ பள்ளிக்கூடம் கட்டப்போவதை அம்மா நைனாவிடம் சொன்னாள். நைனா சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "செங்கல்லு எங்கருந்து எடுப்பாளாம்? நம்ம வூட்ட இடிச்சதுல மிச்சம் கீதா கேளு" என்றார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அதற்காகவாவது உனக்கு நன்றி.

நைனாவின் போன் ஆட்டோவோடு காலையில் போய்விடும். சவாரி அதில்தான் வருகிறது. திரும்பி வரும்போது சார்ஜ் செத்துக் கிடக்கும். அம்மாவுடையது பட்டன் போன். இதையெல்லாம் சொல்லி உன் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பையை எடுத்துவிடு. யாராவது உட்காரட்டும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ப்ரியா


அடையாறு,
28 ஜூலை 2024

அன்புள்ள ப்ரியா,

நலம். அப்பாவுக்கு முழங்கால் தேவலாம். தம்பியின் சளி விட்டதா? துளசி போட்டு ஆவி பிடிக்கச் சொல்.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று! இரண்டு வாரமாக மதிய உணவு இடைவேளையைக் கணினி அறையில்தான் கழித்தேன். நஸ்ருன்னிசா டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். இலவச இடம் என்றால் என்னவென்று இப்போதுதான் புரிகிறது. ஒரே கட்டடத்தை நூறு குடித்தனத்துக்குப் பிரித்து விட்டதுபோல. அடுத்த வீட்டில் குடம் குடமாகப் பிடித்தால் நம் குழாயில் காற்றுதான் வரும். மென்பொருளில் ஆயிரக்கணக்கான கோப்புகள். மொத்தமாகக் கட்டி அனுப்பினால் பெரிது என்று தள்ளிவிடுகிறது. பிரித்துப் பிரித்து ஏற்றினேன். பாதியில் மணி அடித்துவிடும், மறுநாள் எது போனது எது போகவில்லை என்று தேட வேண்டும்.

எல்லாம் ஏற்றித் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். என்ன தப்பு என்றுகூடச் சொல்லாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உலகத்தில் யார் யாருக்கு இந்த வெள்ளைப் பக்கம் வந்தது என்று தேடிப் படித்தேன். புதிய பதிப்பு கேட்கும் வசதிகள் இலவச இடத்தில் இல்லையாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பழைய பதிப்பை ஏற்றினேன். வந்துவிட்டது!

இன்னும் இரண்டு குறை. இந்த மென்பொருளை யாராவது அவ்வப்போது தட்டி எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பாதி வேலையைச் செய்யாமல் தூங்கும். காசு வாங்கும் இடங்களில் அது தானாக நடக்கும். இங்கே நானே தினமும் ஒரு முகவரியைத் திறந்து எழுப்புகிறேன். தலைமையாசிரியையும் நான், மணியடிக்கும் ஆயாவும் நான். இரண்டாவது, மின்னஞ்சல் அனுப்ப அனுமதி இல்லை. அதனால்தான் உன் கடவுச்சொல்லைத் தனித்துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். கணக்குப் பாடம் மூன்று, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு தேர்வு. மாணவர் பட்டியலில் உன் பெயர் மட்டும்தான்.

பார்த்துவிட்டு எழுது. அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கம்.

மணிமொழி


1 செப்டம்பர் 2024

மணிக்கு,

எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே தண்ணீர் லாரி வரும் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது.

நீ செய்ததைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. அந்த நீலக் கலர் ரொம்பப் பிடித்தது. முதல் பாடம் புரிந்தது.

ப்ரியா


அடையாறு,
15 செப்டம்பர் 2024

அன்புள்ள ப்ரியா,

இங்கே சுகம். அங்கே தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

கலர் நீலம் இல்லை, பச்சை. பரவாயில்லை, மாமாவின் போனில் அப்படித் தெரிந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று எனக்குக் காட்டும். உன் பெயருக்கு எதிரே "ஒருமுறையும் இல்லை" என்று இருக்கிறது. பழைய பதிப்பில்லையா, சரியாகப் பதிவு செய்யவில்லைபோல.

தேர்வு சரியாக நடக்கிறதா என்று சோதிக்க, தலைமையாசிரியை யார் பெயரிலும் நுழையலாம் என்று ஒரு வசதி இருக்கிறது. உன் பெயரில் நுழைந்து முதல் தேர்வை எழுதினேன். நான் எழுதினால் நூற்றுக்கு நூறு வந்துவிடும், நம்பும்படி இருக்காது. அதனால் நீ செய்வதுபோலவே இரண்டு இடத்தில் மைனஸ் குறியை விட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது. மதிப்பெண் எழுபத்தொன்று. எவ்வளவு படித்தாயிற்று என்று காட்டும் பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து நிறைவதைப் பார்க்க எத்தனை சந்தோஷம் தெரியுமா!

நேரம் கிடைக்கும்போது நீயே எழுது. ஒரு தேர்வை இரண்டு முறை எழுதலாம் என்று அமைத்திருக்கிறேன். ஒரு முறை இன்னும் மிச்சம் இருக்கிறது.

தம்பிக்கு என் முத்தம்.

மணிமொழி


13 அக்டோபர் 2024

மணிக்கு,

நலம். நலம்தானே?

ஓர் உதவி வேண்டும். நம் பள்ளியில் கேட்டு, நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன், வேறு எங்கும் சேரவில்லை என்று ஒரு சான்று வாங்கித் தர முடியுமா? அம்மாவால் வேலை நேரத்தில் அங்கே போய் நிற்க முடியாது, இரண்டு வீட்டிலும் திட்டுகிறார்கள். எதற்கு என்று கேட்காதே. ஒரு காரியம் இருக்கிறது. முடிவதற்கு முன் வெளியே சொன்னால் நடக்காது என்று அம்மா என் வாயைக் கட்டியிருக்கிறாள். நடந்தால் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

இந்த வாரமே கிடைத்தால் நல்லது.

மாமாவிடமும் அத்தையிடமும் விசாரித்ததாகச் சொல்.

ப்ரியா


அடையாறு,
27 அக்டோபர் 2024

அன்புள்ள ப்ரியா,

எல்லோருக்கும் முன்கூட்டியே தீபாவளி வாழ்த்து. அம்மா செய்த அதிரசம் அத்தையின் பையில் இருக்கிறது. உடைந்திருந்தால் பேருந்தைத் திட்டு.

அந்தச் சான்றைக் கேட்கப் போனேன். அலுவலக அறை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். நீ நின்றுவிட்டாய் என்று நானே போய் எழுதி வாங்குவதா? நீ நிற்கவில்லை ப்ரியா. உனக்கென்று ஒரு பள்ளிக்கூடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு காகிதம் கையில் இருந்தால் உனக்கே மனம் விட்டுப்போகும். எந்தக் காரியமாக இருந்தாலும், படிக்கிறேன் என்று சொல்லிப் பார். அதற்குத்தான் மரியாதை.

இன்னொரு செய்தி. குழந்தைகள் தினத்துக்கு நம் பள்ளியில் கண்காட்சி. என் தளத்தையும் வைக்கலாம் என்றார் நஸ்ருன்னிசா டீச்சர். "ஆனா ஒரு ஸ்டூடண்ட்டாவது படிச்சு முடிச்சிருக்கணும்மா. வெறும் கடைய திறந்து வெச்சுட்டு வியாபாரம் நடக்குதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார். அதனால் மீதி இரண்டு தேர்வையும் உன் பெயரிலேயே எழுதி வைத்தேன். நீ எப்படியும் எழுதத்தானே போகிறாய். நான் கொஞ்சம் முன்னால் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கோபமில்லையே? ஒரு வரி எழுது.

மணிமொழி


அடையாறு,
17 நவம்பர் 2024

அன்புள்ள ப்ரியா,

என் போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அத்தையைக் கேட்டால், "நல்லாத்தான் கீறா" என்று வேகமாக நடந்துவிடுகிறார். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே?

முதல் பரிசு! மாவட்டக் கண்காட்சிக்கும் போகிறேன். என் மேசைக்குப் பின்னால் பெரிய அட்டை. டீச்சர்தான் எழுத வைத்தார்: "பயன்பெறும் மாணவி: ஷண்முகப்ரியா. ஆற்றங்கரையிலிருந்து இடம்பெயர்ந்தவர். வீட்டிலிருந்தே கற்கிறார். சராசரி மதிப்பெண் 71." உன் பெயரை எல்லோரும் வாசித்தார்கள். நம் வகுப்புப் பெண்கள், "இன்னாடி, ப்ரியா இவ்ளோ படிக்கிறாளா" என்று வாயைப் பிளந்தார்கள்.

மயிலாப்பூரில் பெண் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தும் ஓர் அறக்கட்டளையிலிருந்து ஸ்வர்ணலதா மேடம் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். திரையில் உன் பச்சைக் கோட்டைக் காட்டினேன். "இந்தப் பொண்ணு நெஜமாவே ஆத்துல இருந்துண்டே படிக்கறாளா?" என்று கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மேடம் அட்டையைத் தன் போனில் படமெடுத்துக்கொண்டார். ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மழை ஆரம்பித்துவிட்டது. தம்பியை நனைய விடாதே.

மணிமொழி


8 டிசம்பர் 2024

மணிமொழிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நான் ஒரு நாளும் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. பொறுமையாகப் படி.

காரியம் இதுதான். வீடு மாறியதால் படிப்பு நின்ற பெண்களை மயிலாப்பூர் விடுதியில் சேர்த்துக்கொள்கிறார்கள். சாப்பாடு, இடம், ஜூன் வரை தனி வகுப்பு, பிறகு பக்கத்துப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. அம்மா வேலை செய்யும் வீட்டில் சொன்னார்கள். தம்பியைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள். நீ வாங்காமல் திரும்பிய சான்றை அம்மா ஒரு வீட்டு வேலையை விட்டுவிட்டுப் போய் நின்று வாங்கினாள். அந்த வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

போன வாரம் நேர்காணல். அம்மாவும் நானும் போனோம். ஸ்வர்ணலதா மேடம் என் பெயரைப் படித்ததும் எழுந்தே விட்டார். "அட, நீதானா அந்தப் பொண்ணு!" போனில் உன் அட்டை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. "மேடம், நான் அத ஒருவாட்டிகூட பாத்ததில்ல" என்றேன். "எவ்வளவு அடக்கம் பாருங்கோ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்தார். சான்றை நீட்டினேன். "இது இருக்கட்டும்மா. எந்த வசதியும் இல்லாம நிக்கற குழந்தைகளுக்குத்தானே நாங்க மொதல்ல கொடுக்கணும்? நீதான் ஆத்துலயே இருந்துண்டு பிரமாதமா படிக்கறியே. இருக்கறது ஒரே எடம்." என் கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பினார். அந்த இடம் வேறு ஒரு பெண்ணுக்குப் போயிற்று. அவளும் என்னைப்போலத்தான், வீடு போனவள். அவளைச் சொல்லி என்ன.

வெளியே வந்ததும் அம்மா முகமெல்லாம் சிரிப்பு. "இன்னாமே, எழுவத்தொண்ணு வாங்கிகீற, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" குளக்கரை ஓரமாக நடந்தபடி கேட்டுக்கொண்டே வந்தாள். பேருந்து வரும்வரை நான் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னபிறகு அவள் சான்றை வாங்கி டிபன் பையில் வைத்துக்கொண்டாள்.

உன் தளத்தை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னேன். நீ அத்தனை பாடுபட்டிருந்தாய், அதனால் சொன்னேன். அது என் தப்பு. மைனஸ் குறியை நான் விட்டது ஒன்பதாம் வகுப்பில், ஒரே ஒரு பரீட்சையில். நான் எப்படித் தப்பு செய்வேன் என்பதைக்கூட நீயே முடிவு செய்துகொண்டாய்.

மேடத்திடம் நீ போய்ச் சொன்னால் நம்புவார். நான் சொன்னால் அடக்கம் என்கிறார். ஜனவரியில் இன்னோர் இடம் வரலாம் என்று அங்கே வேலை செய்யும் ஓர் அம்மாள் சொன்னார்.

ஷண்முகப்ரியா


அடையாறு,
15 டிசம்பர் 2024

அன்புள்ள ப்ரியா,

உன் கடிதத்தை நூலகத்தில் வைத்துப் படித்தேன். அழுதேன். அங்கிருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூட எண்ணவில்லை. எனக்குத் தெரியாது ப்ரியா. சத்தியமாகத் தெரியாது. நீ எதற்கு என்று சொல்லியிருந்தால்...

மறுநாளே நஸ்ருன்னிசா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணினி அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "ஜனவரி மொதல் வாரம் மாவட்டப் போட்டி. அது முடியட்டும்மா. இப்ப போய்ச் சொன்னா உன் பேரு மட்டுமில்ல, ஸ்கூல் பேரும் போயிடும். அந்த எடம் எப்படியும் கொடுத்தாச்சு" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது இல்லையா? முடிந்த மறுநாளே நானே மயிலாப்பூர் போய் மேடத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அதுவரை பொறுத்துக்கொள். ஜனவரி இடத்துக்கு அது போதுமான நேரம்தான்.

இயற்பியல் பாடமும் ஏற்றியிருக்கிறேன். அதன் தேர்வில் உன் பெயரில் நான் ஒன்றும் தொடவில்லை.

அத்தை என்னைப் பார்த்தால் இப்போது எதிர்ப்பக்கம் நடக்கிறார். நாளை ஓடிப்போய் இதைப் பையில் போட்டுவிடுவேன். தடுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

மணிமொழி


தியாகராய நகர்,
12 ஜனவரி 2025

மணிக்கு,

நலம். இடம் மாறிவிட்டேன், மேலே பார்த்திருப்பாய். ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு துணிக்கடையின் விடுதியில் இருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு வீட்டு வேலைதானே மிச்சம், வேறு வழியில்லை. வயது கேட்டார்கள். அம்மா கூசாமல் பதினெட்டு என்றாள். நைனா வந்து விட்டுவிட்டுப் போனார். இறக்கிவிட்டு, "கால் வலிச்சா குந்திக்கோ" என்றார். கடையில் உட்கார விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது.

சுடிதார் துணிப் பிரிவில் நிற்கிறேன். பொங்கல் கூட்டம். மாம்பலம் ரயிலிலிருந்து இறங்கும் ஜனம் மொத்தமும் எங்கள் மாடிக்குத்தான் வருகிறதோ என்று தோன்றும். நேற்று ஸ்வர்ணலதா மேடம் வந்தார். விடுதிப் பெண்களுக்குப் பொங்கல் துணி எடுக்க.

என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "அடடே! லீவுக்கு வேலைக்கு வந்திருக்கியா? சமத்து. படிப்பை விட்டுடலையே?" என்றார். எனக்குப் பின்னால் சூப்பர்வைசர் நாகராஜ் நின்றிருந்தார். வாடிக்கையாளரிடம் சொந்தக் கதை பேசினால் அந்த நாள் சம்பளம் கிடையாது. "படிக்கிறேன் மேடம்" என்றேன். "உன் மாமா பொண்ணு மாநில அளவுக்குத் தேர்வாயிட்டாளாமே! போன வாரம் மாவட்டக் கண்காட்சியில பார்த்தேன். உன்னைப் பத்தித்தான் ரொம்பப் பேசினா" என்றார். நீ அவரைப் பார்த்திருக்கிறாய். பேசியிருக்கிறாய். சொல்லவில்லை.

ஜனவரி இடமும் முடிந்துவிட்டது, நான்கு நாள் முன்பு ஒரு பெண் வந்து சேர்ந்தாளாம். அவளுக்கும் சேர்த்துத்தான் துணி. "அவ உன் உயரம்தான் இருப்பா, கொஞ்சம் நிமிர்ந்து நில்லு" என்றார். நிமிர்ந்து நின்றேன். ஒவ்வொரு துணியாக எடுத்து என் தோளில் வைத்து, தள்ளி நின்று பார்த்தார். மஞ்சள் வேண்டாம் என்றார். இந்த மெரூன் நன்றாக இருக்கும் என்றார். மடித்து, பில் போடும் இடத்துக்கு அனுப்பிவைத்தேன்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் பொங்கல் வாழ்த்து. இன்று அம்மா வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ பதில் எழுத வேண்டாம். இங்கே வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். நீ எழுதுவதை நம்பிவிடுவார்.

ப்ரியா